லிவிங் வில்: வாய்ச்சொல், பவர் பத்திரம், நோட்டரி கையெழுத்து – ஐ.சி.யூ. வாசலில் எது நிற்கும்?

"என்னைக் குழாயும் வயருமாப் போட்டு வச்சிராதீங்க." பெரியவர்கள் இருக்கிற வீட்டில் இந்தப் பேச்சு எப்படியும் ஒருநாள் வரும். பெரும்பாலும் அக்கம்பக்கத்தில் ஒரு துக்கத்துக்குப் போய்வந்த அன்று வரும். "அப்படியெல்லாம் பேசாதீங்கப்பா" என்று பிள்ளைகள் அடக்கிவிடுவார்கள். பிறகொரு நாள் அதே பிள்ளைகள் ஐ.சி.யூ. வாசலில் நின்றுகொண்டு, அப்பா அன்றைக்குச் சரியாக என்ன சொன்னார், எதை மனதில் வைத்துச் சொன்னார் என்று தங்களுக்குள் வாதாடுவார்கள்.

வலிநிவாரணச் சிகிச்சைக் குழுவோடு வீடுவீடாகப் போய்வருகிறவள் நான். "ஒரு பத்திரம் எழுதி வச்சிட்டா போதுமாம்மா?" என்ற கேள்வியைத்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். எழுதலாம், ஆனால் எந்தப் பத்திரம் என்பதில்தான் குழப்பம். சிலர் சொத்துக்கு எழுதும் உயிலிலேயே ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். சிலர் மகன் பெயருக்குப் பவர் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். மனைவியிடம் சொல்லிவிட்டேன், அது போதும் என்கிறவர்கள்தான் பாதிப்பேருக்கு மேல். இந்த வழிகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன். என் தீர்மானத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நோட்டரி கையெழுத்தோடு ஒரு லிவிங் வில் எழுதுங்கள், அதாவது பேச முடியாமல், குணமாகவும் வழியில்லாமல் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லும் பத்திரம். அதில் கருவிகளின் பெயரைவிட உங்கள் நிலையை விவரிப்பதற்கும், உங்களுக்காகப் பேசப்போகிறவரைத் தேர்ந்தெடுப்பதற்கும் கூடுதல் நேரம் கொடுங்கள்.

சட்டம் எங்கே நிற்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2018 மார்ச் 9 அன்று, தலைமை நீதிபதி தீபக் மிஸ்ரா தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும், அதற்கான விருப்பத்தை நினைவு தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம் என்றது அந்தத் தீர்ப்பு. ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம்தான். குணமாக வழியில்லை என்று உறுதியான பிறகு, உயிரை இழுத்துப் பிடிக்கிற சிகிச்சையைத் தொடங்காமல் விடுவதையும், தொடங்கியதை விலக்கிக்கொள்வதையும் மட்டுமே சட்டம் ஒப்புகிறது. 2018 தீர்ப்பு வகுத்த நடைமுறை கடினமாக இருந்தது. மாஜிஸ்திரேட் முன்னால் போய்க் கையெழுத்து வாங்க வேண்டும் என்றதால் எழுதியவர்கள் மிகக் குறைவு. 2023 ஜனவரி 24 அன்று உச்ச நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. இப்போது நோட்டரியோ கெசட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும்.

எழுதாமல் விடுவது

எதையும் எழுதாமல் விட்டால் எல்லாம் கைமீறிப் போய்விடும் என்று பயமுறுத்த மாட்டேன். லிவிங் வில் இல்லாத நோயாளிக்கும் அதே தீர்ப்பு வழி சொல்கிறது. மருத்துவக் குழுக்கள் பரிசீலித்து, நெருங்கிய உறவினர் சம்மதித்தால் சிகிச்சையை விலக்கலாம். சிக்கல் அந்த 'நெருங்கிய உறவினர்' யார் என்பதில் இருக்கிறது.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யூ. வாசல். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இளைய மகள் உள்ளே போகிறாள். ஒப்புதல் படிவம் செருகிய அட்டையில் நூல் கட்டிய பேனா தொங்குகிறது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைப்பதற்கான படிவம். "அம்மா வேணாம்னுதான் சொல்லுச்சு, டாக்டர்" என்கிறாள். "எழுதிக் கொடுத்திருக்காங்களாம்மா?" என்கிறார் டாக்டர். போனில் தோஹாவிலிருந்து அண்ணன்: "டிக்கெட் போட்டுட்டேன். நான் வர்ற வரைக்கும் அம்மாவுக்கு என்னென்ன செய்யணுமோ எல்லாத்தையும் செய்யச் சொல்லு." அத்தை ஓரமாக நின்று, "அவ சொன்னா சொல்லிட்டுப் போறா, பெத்த தாய அப்படியே விட்டுற முடியுமா?" என்கிறார். மகள் கையெழுத்துப் போடுகிறாள்.

இதில் கெட்டவர் யாருமில்லை. உடன்பிறந்தவர்களுக்குள் கருத்து ஒத்துப்போகாதபோது எந்த மருத்துவரும் "எல்லாவற்றையும் செய்யுங்கள்" என்கிறவர் பக்கம்தான் சாய்வார். அவருக்கு வழக்குப் பயம் இருக்கிறது. மகளிடமோ அம்மாவின் பேச்சைத் தவிர வேறு சான்று இல்லை. வாய்ச்சொல் எங்கே நிற்கும் என்றால், ஒரே பிள்ளை இருக்கிற வீட்டில் நிற்கும். அல்லது நான்கு பிள்ளைகளும் அந்தப் பேச்சை ஒன்றாக உட்கார்ந்து கேட்டிருந்தால் நிற்கும். மற்ற இடங்களில் அதை நம்ப வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. எழுத்து இல்லாமல் வேண்டாம் என்று கையெழுத்துப் போடுகிற மகள், அம்மாவைத் தானே அனுப்பிவிட்டதாக வருடக்கணக்கில் மனதுக்குள் சுமக்கிறாள். அப்படிச் சுமப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவே எழுதிக் கையெழுத்திட்ட தாள் இருந்தால், மகள் அம்மாவின் சொல்லை நிறைவேற்றுகிறவளாகத்தான் நிற்பாள்.

எழுதிக் கொடுத்துவிட்டுக் கூட்டிப்போவது

நம் ஊர்களில் உண்மையில் அதிகம் நடப்பது இதுதான். "இதுக்கு மேல எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்ததும், மருத்துவ ஆலோசனைக்கு எதிராக அழைத்துச் செல்கிறோம் என்று எழுதிக் கொடுத்து ஆம்புலன்ஸ் ஏற்றிவிடுகிறார்கள். வழியெல்லாம் ஒருவர், கையால் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேகை அழுத்திக்கொண்டே வருவார். வீடு வந்ததும் கூடத்தில் கிடத்தி, குழாயை எடுத்து, வாயில் பால் ஊற்றுவார்கள்.

வீட்டில் உயிர் போக வேண்டும் என்ற ஆசையை நான் முழுமனதோடு மதிக்கிறேன். ஆனால் இப்படிக் கூட்டிவருகிறபோது மூச்சுத்திணறலுக்கு மருந்து கையில் இருக்காது. மார்ஃபின் இருக்காது, தொண்டையில் சேரும் சளிக்கு என்ன செய்வது என்று சொல்லித்தர ஆள் இருக்காது. சில பேருக்கு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். சில பேர் இரண்டு நாள் திணறுவார்கள். சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அதுபோக, கேஸ் ஷீட்டில் பதிவாவது ஆலோசனையை மீறிப் போனார்கள் என்பதுதான். நோயாளி இதைத்தான் விரும்பினார் என்பதற்கு ஒரு வரிகூட அதில் இருக்காது.

லிவிங் வில் இருந்தாலும் இதே வீட்டுக்குத்தான் வரப்போகிறார். வித்தியாசம், மருத்துவரே திட்டமிட்டு அனுப்புவார். வலிக்கும் மூச்சுக்கும் மருந்து கூடவே வரும். 2014இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, வலிநிவாரண மையங்கள் மார்ஃபின் வாங்குவது முன்பிருந்ததைவிட எளிதாகியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் வலிநிவாரணப் பராமரிப்பும் சேர்ந்திருக்கிறது. ஆகவே லிவிங் வில் எழுதும்போதே, "முடிந்தால் என் வீட்டில், வலிநிவாரணச் சிகிச்சையோடு" என்று இடத்தையும் எழுதிவிடுங்கள். எழுதுகிறவர்கள் மறந்துபோகிற வரி இதுதான்.

பவர் பத்திரமும் சொத்து உயிலும்

இவை இரண்டையும் சட்டென்று தள்ளிவிடலாம். பொது அதிகாரப் பத்திரம், அதாவது நாம் பவர் என்கிறோமே, அது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆவது பிரிவின்படி, கொடுத்தவர் சித்த சுவாதீனத்தை இழந்தால் முடிவுக்கு வந்துவிடும். கோமாவில் கிடக்கும்போதுதான் நமக்கு அது தேவை. அந்த நேரத்தில்தான் அது செல்லாமல் போகிறது. சில வெளிநாடுகளில் நினைவு போன பிறகும் தொடரும் மருத்துவப் பவர் உண்டு. அமெரிக்காவிலோ லண்டனிலோ இருக்கிற மகன் அதை அங்கே பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வதால் இதைச் சொல்கிறேன். கோமாவில் இருப்பவரின் வங்கிக் கணக்கையோ சொத்தையோ கையாள வேண்டுமானால் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் கோமாவில் இருந்த ஒருவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்தது அப்படித்தான்.

சொத்து உயில் எழுதியவரின் இறப்புக்குப் பிறகுதான் உயிர்பெறுகிறது. பல வீடுகளில் அதைப் பிரித்துப் படிப்பதே காரியம் முடிந்த பிறகுதான். என்னை வென்டிலேட்டரில் வைக்காதீர்கள் என்ற வரி அதற்குள் இருந்து யாருக்கு என்ன பயன்?

இன்னும் இரண்டு காகிதங்கள் இதோடு குழப்பிக்கொள்ளப்படுகின்றன. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலும் முன்கூட்டியே எழுதி வைக்கும் அறிவுறுத்தல் ஒன்று உண்டு. அது மனநோய்ச் சிகிச்சைக்கு மட்டும். ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு மருத்துவர் பேசும் டி.என்.ஆர்., அதாவது இதயம் நின்றால் மார்பை அழுத்தி மீட்க முயல வேண்டாம் என்பது, அந்த ஒரு செயலுக்கு மட்டும் பொருந்தும். இதற்கான வழிகாட்டலை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் வெளியிட்டது. முற்றிய புற்றுநோயில் இருக்கிற ஒருவருக்கு அது மிகவும் பயனுள்ளது. லிவிங் வில்லுக்கு மாற்றாக எடுத்துக்கொள்ள முடியாது. மற்ற சிகிச்சைகள் எல்லாம் அதற்குப் பிறகும் தொடரும்.

நோட்டரி கையெழுத்திட்ட லிவிங் வில்

பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனதோடு இருக்கிற யாரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும். குடும்பத்துக்கு வெளியே இருப்பவர்களாக இருந்தால் நல்லது. அவர்கள் முன்னால் கையெழுத்திட வேண்டும். நோட்டரி, அல்லது பச்சை மையில் கையெழுத்துப் போடுகிற கெசட்டட் அதிகாரி ஒருவர், இவர் யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுதியிருக்கிறார் என்று சான்றளிக்க வேண்டும். பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை. நோட்டரியா அதிகாரியா என்று கேட்டால், உங்களைத் தெரிந்த கெசட்டட் அதிகாரி பக்கத்தில் இருந்தால் அவரிடமே போங்கள் என்பேன். பின்னால் யாராவது சந்தேகம் கிளப்பினால், "எனக்கு அவரைத் தெரியும், தெளிவாகத்தான் பேசினார்" என்று சொல்ல ஒருவர் இருப்பார். அப்படி ஆள் இல்லாவிட்டால் நோட்டரியே போதும்.

நகல் யாருக்கெல்லாம் போக வேண்டும்? உங்களுக்காகப் பேச நீங்கள் பெயர் குறிப்பிட்டவர்களுக்கு, குடும்ப மருத்துவருக்கு, அதோடு உங்கள் ஊராட்சி அல்லது நகராட்சி, மாநகராட்சியின் பொறுப்பு அதிகாரிக்கு. இந்தக் கடைசி இடத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வேகம் வேறு. மும்பையில் மகப்பேறு மருத்துவர் நிகில் தத்தார் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தபோது, மகாராஷ்டிராவின் உள்ளாட்சிகளில் இந்த ஆவணங்களை வாங்கி வைக்க அதிகாரிகள் நியமிக்கப்பட்டார்கள். கோவாவில் 2024இல் பதவியில் இருந்த உயர் நீதிமன்ற நீதிபதி எம்.எஸ். சோனக் தன் லிவிங் வில்லைத் தானே பதிவுசெய்து தொடங்கிவைத்தார். கர்நாடக சுகாதாரத் துறை 2025 ஜனவரியில் மருத்துவக் குழுக்களை அமைப்பது பற்றி ஆணை வெளியிட்டது. உங்கள் ஊர் அலுவலகத்தில், "அப்படி ஒண்ணு எங்களுக்கு வரலையே" என்று சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். தபால் பிரிவில் ஒரு கடிதத்தோடு கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தோம் என்பதற்கு அந்த முத்திரை சான்று.

நேரம் வரும்போது நடப்பது இது. நீங்கள் பேச முடிகிற நிலையில் இருக்கும்வரை இந்தத் தாளுக்கு வேலையே இல்லை. உங்கள் வாய்ச்சொல்தான் முடிவு. முடிவெடுக்கும் திறன் போய், குணமாக வாய்ப்பில்லாத நிலை வந்தால், ஆஸ்பத்திரி முதல் குழுவை அமைக்கும். சிகிச்சை தரும் மருத்துவரும், குறைந்தது ஐந்து ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் அதில் இருப்பார்கள். அவர்கள் ஒப்புக்கொண்டால் இரண்டாம் குழு. அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவர் ஒருவரும், முதல் குழுவில் இல்லாத நிபுணர்கள் இருவரும். ஒவ்வொரு குழுவும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். நீங்கள் பெயர் எழுதியவர்களின் சம்மதம் கேட்கப்படும். பிறகு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தெரிவித்துவிட்டு நடைமுறைப்படுத்துவார்கள். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

இதன் பலவீனமும் இதிலேயே தெரிகிறது. சின்ன ஊர் நர்சிங் ஹோமில் இத்தனை நிபுணர்களை எங்கே தேடுவது? பெரிய ஆஸ்பத்திரியிலும் குழு கூட நாள் பிடிக்கலாம். லிவிங் வில் எழுதிவிட்டதால் எல்லாம் தானாக நடக்கும் என்று நினைக்க வேண்டாம். ஆனால் எழுத்து இருக்கிறபோது மருத்துவர் குடும்பத்தோடு பேசும் தொனியே மாறிவிடுகிறது. ஐ.சி.யூ.வுக்குள் கொண்டுபோவதற்கு முன்னாலேயே, "இவர் இதையெல்லாம் விரும்பவில்லையே, வார்டிலேயே வைத்து வலியில்லாமல் பார்த்துக்கொள்ளலாமா?" என்ற கேள்வி எழுகிறது. தொடங்கிவிட்ட வென்டிலேட்டரை நிறுத்துவதைவிட, தொடங்காமல் இருப்பது குடும்பத்துக்கு ஆயிரம் மடங்கு எளிது.

பயம் ஒன்றைப் பற்றியும் பேச வேண்டும். சொத்துக்காகப் பிள்ளைகளே எழுதி வாங்கிவிட்டால்? விருதுநகர் பக்கம், வீட்டாரே முதியவரின் உயிரை முடித்துவிடும் தலைக்கூத்தல் நடந்ததாகச் செய்திகளில் படித்த நமக்கு இந்தப் பயம் வருவது நியாயம். அங்கே முதியவரைக் கேட்காமல் மற்றவர்கள் முடிவு செய்தார்கள். லிவிங் வில்லில் முதியவரே முடிவு செய்கிறார். இரண்டு மருத்துவக் குழுக்கள் ஒப்பாமல் பிள்ளைகள் ஒன்றும் செய்ய முடியாது. மனம் மாறினால் எந்த நாளிலும் எழுத்து மூலமாக ரத்து செய்யலாம். ஆனாலும் ஒன்று சொல்வேன். நோட்டரியிடம் போகிற அன்று சொத்துக்கு வாரிசாக வரப்போகிறவரைக் கூட்டிப்போகாதீர்கள். நண்பரையோ பக்கத்து வீட்டுக்காரரையோ கூட்டிப்போங்கள்.

கருவியை எழுதுவதா, நிலையை எழுதுவதா?

என்னிடம் காட்டப்பட்ட தாள்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது: "எனக்கு வென்டிலேட்டர் வைக்கக் கூடாது. டயாலிசிஸ் செய்யக் கூடாது. ஐ.சி.யூ.வில் சேர்க்கக் கூடாது." படிக்கத் தெளிவாக இருக்கிறது. ஆபத்தும் அதில்தான். வயலில் கட்டுவிரியன் கடித்தவருக்கு மூச்சுத்தசை செயலிழக்கும். மருந்து வேலை செய்யும்வரை சில நாள் வென்டிலேட்டர் தாங்கினால், நடந்தே வீட்டுக்கு வந்துவிடுவார். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் நின்றுபோனவருக்குச் சிலமுறை டயாலிசிஸ் செய்தால் பிறகு தானே வேலை செய்யத் தொடங்கிவிடலாம். இவர்கள் கையில் அந்த மூன்று வரித் தாள் இருந்தால்? குணமாக வாய்ப்பில்லாத நிலை என்ற நிபந்தனை சட்டத்திலேயே இருப்பதால் மருத்துவர் அதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்தான். ஆனால் பதறிப்போயிருக்கிற குடும்பம் எடுத்துக்கொள்ளக்கூடும்.

இன்னொரு விதமாக எழுதலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு எழுத உதவியபோது அவர் சொன்னதைக் கேட்டு இப்படி எழுதினோம்: "என் வீட்டாரை அடையாளம் கண்டு பேசும் நிலைக்கு நான் இனித் திரும்ப மாட்டேன் என்று மருத்துவர்கள் முடிவுக்கு வந்தால், உயிரை நீட்டிப்பதற்கு மட்டும் உதவும் சிகிச்சை எதையும் தொடங்க வேண்டாம், தொடங்கியிருந்தால் விலக்கிவிடுங்கள். வென்டிலேட்டர், டயாலிசிஸ், தொண்டைத் துளை, மார்பை அழுத்தி மீட்பது ஆகியவை இதில் அடங்கும். வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் பதற்றத்துக்கும் வேண்டிய மருந்தைக் குறையில்லாமல் கொடுங்கள். அதனால் மயக்கம் கூடினாலும் எனக்குச் சம்மதம்."

முதலில் நிலை, அதற்குப் பிறகு கருவிகளின் பெயர். அறிவுறுத்தல் குழப்பமில்லாமல் இருக்க வேண்டும் என்று தீர்ப்பு கேட்பதால் பெயர்களும் வேண்டும். நிலை இல்லாமல் பெயர்கள் மட்டும் வேண்டாம். 'நிலை' ஆளுக்கு ஆள் மாறும். அந்த ஆசிரியருக்குப் பேச்சுதான் உயிர். படுக்கையிலேயே கிடந்தாலும் பேரக்குழந்தைகள் சத்தம் கேட்டால் போதும் என்றார் இன்னொரு பாட்டி. அவருக்கு வேறு விதமாக எழுத வேண்டியிருந்தது.

அறுபதுகளில், பெரிய நோய் இல்லாமல் இருக்கிறவர்களுக்கு மூன்றாவது விதத்தைச் சொல்வேன். முயன்று பார்ப்பதற்குக் காலக்கெடு வைத்து எழுதுவது: "வென்டிலேட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வாரம், பத்து நாளில் முன்னேற்றம் இல்லை, இனியும் வராது என்று மருத்துவர்கள் சொன்னால் விலக்கிவிடுங்கள்." தீவிர சிகிச்சை மருத்துவர்கள் தாங்களே பின்பற்றுகிற முறைதான் இது. குடும்பத்துக்கும் முயலாமல் விட்டோமே என்ற குறை இருக்காது.

மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயைத் தனியாக எழுதுங்கள். மற்ற எதிலும் ஒத்துப்போகிற குடும்பம்கூட இங்கே தடுமாறும். "பட்டினி போட்டா அனுப்புறது?" என்ற கேள்வி வந்ததும் பேச்சு நின்றுவிடும். கடைசி நாட்களில் உடம்பே உணவைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது; அப்போது குழாயில் ஊற்றுவது பல நேரம் நுரையீரலுக்குள் போய்ச் சிரமத்தைக் கூட்டும். "விழுங்க முடிகிறவரை கையால் ஊட்டுங்கள். முடியாதபோது வாயை நனைத்துவிட்டால் போதும், குழாய் வேண்டாம்" என்று நீங்களே எழுதிவிட்டால், அந்தக் கேள்விக்கு உங்கள் மகள் பதில் சொல்ல வேண்டியதில்லை.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு நான் சொல்கிற வரி ஒன்று உண்டு. "என் மகன் வந்து முகம் பார்ப்பதற்காக, அதிகபட்சம் மூன்று நாள் கருவியின் துணையோடு என்னை வைத்திருக்கச் சம்மதிக்கிறேன்." சிலர் இதை விரும்புவதில்லை. என்னைக் கேட்டால், இது சாகிறவர் தன் பிள்ளைக்குக் கொடுக்கிற சலுகை. அதற்கு ஒரு எல்லையும் அவரே வைத்துவிடுகிறார். எல்லை இல்லாதபோதுதான் மூன்று நாள் மூன்று வாரமாகிறது.

யார் பெயரை எழுதுவது?

மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு நினைவிழந்து, 2015 மே மாதம் இறக்கும்வரை ஏறக்குறைய 42 ஆண்டுகள் அங்கேயே கிடந்தார். அவருக்காக எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011இல் நீதிமன்றம், அருணாவுக்காகப் பேசத் தகுந்தவர்கள் இத்தனை ஆண்டு அவரைப் பராமரித்த கே.இ.எம். ஊழியர்கள்தான் என்றது. அவர்கள் அருணா வாழட்டும் என்றார்கள், மனு தள்ளுபடியானது. இந்த நாட்டில் இந்தச் சட்டம் தொடங்கியதே அந்த வழக்கில்தான். அருணா தானே என்ன விரும்பியிருப்பார் என்று சொல்ல அங்கே யாராலும் முடியவில்லை.

நம் வழக்கப்படி மூத்த மகன் பெயரைத்தான் எழுதத் தோன்றும். கொஞ்சம் யோசியுங்கள். இவர் எனக்குக் கொள்ளி வைக்கப்போகிறவர் என்பது இங்கே தகுதி ஆகாது. டாக்டர் முன்னால் அழாமல் பேசுவாரா? சொந்தக்காரர்கள் சுற்றி நின்று ஏசினாலும் உங்கள் சொல்லில் நிற்பாரா? இரவு இரண்டு மணிக்கு வந்து சேருகிற தூரத்தில் இருக்கிறாரா? தனக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும் உங்களுக்காக எடுப்பாரா? அந்த ஆசிரியர் கடைசியில் எழுதியது இளைய மருமகள் பெயரை. மகன்கள் இருவரும் முதலில் முகம் சுளித்தார்கள். "உங்க ரெண்டு பேருக்கும் எம்மேல பாசம் ஜாஸ்திப்பா. அதான் எழுதல" என்றார் அவர். அதற்குப் பிறகு மகன்கள் ஒன்றும் பேசவில்லை.

தீர்ப்பு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்களை அனுமதிக்கிறது. இரண்டு பெயர் எழுதுங்கள், ஆனால் வரிசைப்படுத்தி எழுதுங்கள்: முதலாமவரை அணுக முடியாவிட்டால் இரண்டாமவர். இருவரும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும் என்று எழுதினால், பழைய ஐ.சி.யூ. வாசல் சண்டையை நீங்களே பத்திரத்துக்குள் கொண்டுவந்ததாகிவிடும். திருமணம் செய்துகொள்ளாதவர்கள், துணையை இழந்து தனியாக இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போடவே கூடாது. சட்டப்படி நெருங்கிய உறவினர் என்று தேடினால், பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் வந்து நிற்கலாம். உங்களை நிஜமாகத் தெரிந்த ஒருவரைப் பாதுகாவலர் என்று எழுதி, அவரிடம் முதலில் சம்மதம் கேளுங்கள்.

எழுதி முடித்ததும் பெயர் குறிப்பிட்டவர், மற்ற பிள்ளைகள், முடிந்தால் குடும்ப மருத்துவர் எல்லோரும் இருக்கும்போது ஒருமுறை அதை வாய்விட்டுப் படியுங்கள். வெளியூர்ப் பிள்ளையை வீடியோ காலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அழுகை வரும், வரட்டும்.

யாருக்கு எது என்று கேட்டால்: முப்பது, நாற்பது வயதில் இருப்பவர்கள், காலக்கெடு வைத்த சுருக்கமான ஒரு பக்கமும், பேசப்போகிறவர் பெயரும் எழுதினால் போதும். அறுபத்தைந்து தாண்டியவர்கள் நிலை, கருவி, உணவுக் குழாய், இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். முற்றிய நோய் இருப்பவர்கள் லிவிங் வில்லோடு நிறுத்தாமல், சிகிச்சை தரும் மருத்துவரிடம் டி.என்.ஆர். பற்றியும் வலிநிவாரணப் பிரிவில் சேர்வது பற்றியும் இந்த மாதமே பேசுங்கள். மறதிநோயின் தொடக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் எல்லோரையும்விட அவசரம். மனம் தெளிவாக இருந்தது என்று ஒரு மருத்துவரிடம் சான்று வாங்கி, அன்றைக்கே கையெழுத்திட்டுவிட வேண்டும்.

தாளை வங்கி லாக்கரில் வைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி லாக்கர் திறக்காது. மருத்துவ ஃபைலில் முதல் தாளாகச் செருகுங்கள். அதைப் படம் எடுத்துப் பெயர் குறிப்பிட்டவர்களின் போனில் போட்டுவிடுங்கள். பெரிய அறுவைச் சிகிச்சைக்கோ, துணையின் இறப்புக்கோ, புதிய நோய் தெரியவந்ததற்கோ பிறகு எடுத்துப் படித்துப் பாருங்கள். மாற்ற நினைத்தால் புதிதாக எழுதி, சாட்சிகளோடும் நோட்டரி கையெழுத்தோடும் முடித்து, பழைய நகல்களைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதுதான் செல்லும்.